வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரி

"அண்ணி, இந்த வரிய ஏன் அடிச்சீங்க?" என்று தானியேல் கேட்டபோது, ஃபீபி சவப்பெட்டிக்குள் கிடந்த கணவனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். மூன்று மணிக்கு ஆம்பூர் சர்ச்சில் அடக்க ஆராதனை. அங்கே வாழ்க்கைக் குறிப்பை வாசிக்க வேண்டியவன் கொழுந்தன் தானியேல்தான். காலையிலேயே எழுதி அவளிடம் கொடுத்திருந்தான்.

அவள் அடித்திருந்த வரி: ‘கல்லூரி ஆசிரியர் கிறிஸ்துராஜ் கண்டறிந்த கணக்கை வெளிநாட்டுப் பத்திரிகை ஏற்றுக்கொண்டுள்ளது.’

பதினோரு வருஷம் அந்தக் கணக்கோடும் சேர்த்துக் குடித்தனம் நடத்தியவள் அவள். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அவளுக்கு, அவர் ஒரு தோல் வாரை முறுக்கி, முனைகளை ஒட்டித்தான் விளக்கினார். எந்த இடத்தைத் தொட்டாலும் சாதாரண வார். முழுச்சுற்று வந்தால்தான் முறுக்கு தெரியும். கடுங்குளிரில் சில பொருள்களுக்குள் துகள்கள் அப்படித்தான் பின்னிக் கிடக்குமாம். இரண்டு பொருள்களின் பின்னல் ஒன்றுதானா என்பதைக் கம்ப்யூட்டர் சீக்கிரமே சொல்ல வழி கண்டுவிட்டதாக எழுதியிருந்தார். போன மாதம் பத்திரிகையிலிருந்து சம்மதக் கடிதம் வந்ததும் மனுஷன் தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தார்.

நான்கு நாள் முன்பு, டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்தவர் அவள் கையைப் பிடித்தார்.

"ஃபீபி, அது தப்பு. ஒரு துகள் சேர்த்தா வேலை ரெட்டிப்பாவுது. இன்னொண்ணு சேர்த்தா மறுபடியும் ரெட்டிப்பு. எந்த மிஷினும் முடிக்காது. போடவேணாம்னு மெயில் அனுப்பிடு."

அவர் சொல்லச் சொல்ல நான்கு வரி எழுதிக்கொண்டாள். அனுப்பவில்லை. மறுநாள் மூச்சுத்திணறல், அப்புறம் ஐசியூ என்று காரணம் சொல்லலாம். உண்மை வேறு. அவருக்கென்று இருந்த ஒரே பெருமையைத் தன் கையால் பிடுங்க அவளுக்கு மனம் வரவில்லை. கணக்கு தப்பென்று அவர் சொன்னதை மட்டும் தானியேலிடம் சொன்னாள்.

"யாருக்குத் தெரியப்போவுது அண்ணி? வுட்டுடுங்க. பிரின்சிபால்லாம் வர்றாரு."

"உங்கண்ணனுக்குத் தெரியும்ல. அந்த எடத்துல, தப்ப அவரே கண்டுபிடிச்சாருன்னு எழுது தானியேல்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். பெட்டியை விட்டுவிட்டு இவள் எங்கே போகிறாள் என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தெருமுனை பிரவுசிங் சென்டரில் சர்தார் பாஷா அவளைக் கண்டதும் பதறி எழுந்தார்.

"இன்னாம்மா, சொல்லி அனுப்பிருந்தா நானே வந்திருப்பேனே!"

அந்த நான்கு வரிக் காகிதத்தை நீட்டினாள். பாஷா ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ‘என் நிரூபணம் தவறு. தயவுசெய்து வெளியிட வேண்டாம்’ என்பதன் ஆங்கிலம் திரையில் மெல்ல நிறைந்தது. அவள் நின்றுகொண்டே ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் பார்த்தாள்.

"கீழ யார் பேரும்மா போடறது? உங்க பேரா?"

"அவர் பேரே போடுங்க பாய்," என்றாள் ஃபீபி. "வீட்டுலேர்ந்து அவர இன்னும் எடுக்கல."