விருந்தாளிக்குச் சொன்ன டீ

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். நாளை வருகிறவருக்கு டீயும் வடையும் சொல்லிவைத்தேன்.

டைரியில் எழுதியதைப் படித்துப் பார்த்த பத்மஸ்ரீ, ‘சின்ன’ என்பதை அடித்தாள்.

தூத்துக்குடி இறால் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு ஆபீஸ் வேலை. மாலையில் தொழிலாளர் சட்ட வகுப்பு. உடம்பைக் கெடுக்கும் வேலையில் பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் வைக்கக் கூடாது என்கிற சர்வதேச உடன்படிக்கையை இந்தியாவும் ஏற்றிருக்கிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். இறால் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் ஒப்பந்தத்திலும் அது இருந்தது. தன் கம்பெனியில் சின்னப் பிள்ளைகள் இறால் உரிப்பதை அவர்களுக்கு எழுதிப்போட்டாள். யாருக்கும் சொல்லாமல் ஸ்ரீஜா என்ற அதிகாரியை அனுப்புவதாகப் பதில் வந்தது.

வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பிப் பழக்கமில்லாத குடும்பம் அவளுடையது. யோசிக்காமல் கேன்டீனில் சொல்லிவிட்டாள்.

மதியமே சூப்பர்வைசர் சிலுவை வந்து நின்றார்.

“என்ன வக்கீலம்மா, நாளைக்கு யாருக்கு வடை? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராகளோ?”

அவள் ஒரு ஃபைலைத் திறந்து அதற்குள் குனிந்துகொண்டாள். சோதனைக்கு ஆள் வருவதை ஊகித்த சிலுவை சிரிப்பை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தார். “ஏலே, இப்பவே வேனைக் கொண்டாந்துரு. சின்னப் பிள்ளையள எல்லாம் அங்கன மாத்தணும்.”

வேன் போய்விட்டால் ஸ்ரீஜா பெரியவர்களை மட்டும் பார்த்துவிட்டு, குறையில்லை என்று எழுதிவிடுவார். அப்புறம் ஒருவரும் வரப்போவதில்லை.

பத்மஸ்ரீ இறால் உரிக்கும் கொட்டகைக்கு ஓடினாள். பதினைந்து வயதுப் பேச்சிச்செல்வி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். ஐஸில் ஊறிய விரல்கள் வெடித்திருந்தன.

“உங்களை எங்கே கொண்டுபோறாங்க?”

“எதுக்குக்கா? நீங்களும் உரிக்க வாரீகளா?”

“நாளைக்குச் சோதனை பண்ண ஒரு அதிகாரி வராங்க. அவங்களை அங்கேயே கூட்டிக்கிட்டு வரேன்.”

பேச்சிச்செல்வி குழாயை மூடினாள். “வந்து? வேலைய நிறுத்திருவாக. எங்கம்மை என்னைய வெட்டிப் போட்டுருவா.”

“நிறுத்துறதோட விடக் கூடாது, படிக்கவும் வைக்கணும்னு, சின்னப் பிள்ளைகளை இந்த வேலைக்கு வைக்கக் கூடாதுங்கிற உடன்படிக்கையிலேயே இருக்கு. செய்வாங்களான்னு எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியல.”

வெளியே வேன் ஹார்ன் அடித்தது. சிலுவை கொட்டகை வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். பேச்சிச்செல்வி கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே நடந்தாள். பத்மஸ்ரீயைக் கடக்கும்போது குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்:

“கொற்கைக்குப் போற வழியில பழைய ஐஸ் குடோன். எங்கம்மைட்ட நீங்களே பேசிருங்க.”

அன்று மாலை வகுப்புக்குப் போகாமல் ஸ்ரீஜாவுக்குப் போன் செய்தாள். வேலை போய்விடலாம் என்று தெரிந்தும் குடோன் இருக்கும் வழியை இரண்டு முறை சொன்னாள். பிறகு டைரியில், அந்தத் தப்பை எழுதிய வரிக்குக் கீழே, எழுதினாள்:

நாளை முதல் வேலை, பேச்சிச்செல்வியின் அம்மாவைப் பார்ப்பது. பிறகு ஸ்ரீஜாவோடு நேராகக் குடோனுக்குப் போவது.