ஆறாவது மாடியிலிருந்து தெருக்கதவு வரை

எங்கள் புவேனஸ் அயர்ஸில் குடை இல்லாதவன் உண்டு, வேலை இல்லாதவன் நிறையவே உண்டு. மனநல ஆலோசகர் இல்லாதவன் ஒருவன் இருந்தால் மட்டும், பாவம், அவனுக்கு ஏதோ மனக்கோளாறு என்று பேசிக்கொள்வோம். எங்கள் தெரு இறைச்சிக்கடைக்காரர் விலா எலும்பை வெட்டிக்கொண்டே, "எனக்குக் கோவம் மாட்டு மேல இல்லயாம், எங்கப்பா மேலதானாம். எங்க டாக்டரம்மா சொல்றாங்க" என்பார். நாங்கள் கவுன்டரைவிட்டு ஓரடி தள்ளி நின்று ஆமோதிப்போம்.

என்னுடைய ஆலோசகர் பெர்லா. நாற்பது வயதிருக்கும். செவ்வாய்தோறும் அவரது ஆறாவது மாடி அறையில் உட்கார்ந்து ஜோக் அடிப்பேன். பேராசிரியர்கள் மாதிரி பேசிக் காட்டுவேன். பெர்லா நன்றாகச் சிரிப்பார். சிரித்து முடித்ததும், எனக்குப் பின்னால் இன்னொருவன் வரவேண்டியிருப்பது போலக் காத்திருப்பார். அவன் வரவே மாட்டான். "இன்னிக்கு இத்தோட விடலாம், லிசாந்த்ரோ" என்று எழுந்துகொள்வார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான கட்டம். எங்கள் ஊர்க் கட்டடங்களில் தெருக்கதவை உள்ளேயிருந்து திறக்கவும் சாவி வேண்டும். அதனால் வைத்தியம் பார்த்தவரே சாவியை எடுத்துக்கொண்டு கூடவே கீழே வர வேண்டும். இரும்புக் கிராதி போட்ட பழைய லிஃப்ட். இருவர் நின்றால் மூச்சு இடிக்கும். மேலே ஆத்மாவைப் பிரித்துப் போட்டவர்கள் லிஃப்டில் வானிலை மட்டும்தான் பேசலாம். எழுதாத சட்டம்.

அந்தச் செவ்வாயும் பெர்லா ஆரம்பித்தார். "என்ன புழுக்கம்!"

"வெயில்கூடப் பரவால்ல, இந்தப் புழுக்கம்தான் ஆளக் கொல்லுது" என்றேன். நான்காவது மாடி போயிற்று. "அம்மா அங்கேயே இருந்துடப் போறாங்க."

என் வாயா அது? ஜோக்காக முடித்துவிடலாம் என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாவது மாடிக்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

அம்மா, வேலை போனதும், ஸ்பெயினில் உள்ள வீகோ நகரத்துக்குப் போனாள். படுக்கையில் கிடக்கும் ஒரு பணக்காரக் கிழவிக்குச் சமைத்து, குளிப்பாட்டி, பக்கத்திலேயே தூங்குகிறாள். படிப்பு முடியட்டும் என்று நான் இங்கே. ஞாயிறன்று போனில், "நிரந்தரமா இருக்கச் சொல்லிக் கேக்கறாங்கடா. வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடணும். உனக்கு ஓகேயா?" என்றாள். "தாராளமா இரும்மா, கடைசில பாத்ரூம் எனக்கே எனக்குன்னு ஆச்சு" என்றேன். அவளும் சிரித்தாள். கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

லிஃப்ட் கீழே நின்றது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த ஆள், ஒரு பருத்த அம்மாள், காத்துக்கொண்டிருந்தார். பெர்லா கதவைத் திறந்து அவரை உள்ளே விட்டார். என்னை வெளியே விடவில்லை. சலவைக்கல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நேரம் முடிஞ்சிடுச்சே" என்றேன்.

"ஆமா. அதான் உக்காந்துட்டேன்."

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "லிஃப்ட்லயா அழுத? நல்லது. நான் கதவுகிட்ட வந்துதான் அழுவேன். நீ பரவால்ல, சீக்கிரம்." கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து என் கையில் திணித்துவிட்டு, "பெர்லா, நான் மேல போய் மாத்தே டீ போட்டுக் குடிச்சிட்டிருக்கேன், மெதுவா வா" என்று, சொந்த வீட்டுக்குப் போவதுபோல் லிஃப்டில் ஏறிப் போனார்.

"அம்மாவ வான்னு கூப்பிட்டா வந்துடுவாங்க" என்றேன். "வந்தா இங்க வேலை இல்ல. சாப்பாட்டுக்கு என்ன செய்வாங்க? எப்படிக் கூப்பிடறது?"

"கூப்பிடாத."

"அப்புறம்?"

"கையெழுத்துப் போடறது அவங்க இஷ்டம். ஆனா புள்ளைக்கு நாம தேவையில்லன்னு நெனச்சுக்கிட்டு ஏன் போடணும்?"

பெர்லா படியில் தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். அவர் எழுந்து, தெருக்கதவை அகலத் திறந்து, வெளியே போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

போன் போட்டேன். அம்மா உடனே எடுத்தாள். "என்னடா இந்த நேரத்துல? சாப்பிட்டியா?"

"நீ இல்லாம நல்லாவே இல்லம்மா."

"பாத்ரூம்தான் இருக்கே?"

"பாத்ரூமும் நல்லால்ல."

அவள் சிரிக்கவில்லை. "கழுத, அன்னிக்கே சொல்றதுக்கென்ன? ஞாயித்துக்கிழமைலேர்ந்து எனக்குச் சோறு எறங்கல."

"கையெழுத்துப் போட்டுடுவியா?"

"போட்டுத்தான்டா ஆகணும்."

"போடும்மா. ஆனா எனக்கு ஓகே இல்ல. அது மட்டும் தெரிஞ்சுக்கோ."

"தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

பின்னாலிருந்து கிழவி எதற்கோ கூப்பிட்டாள். "வர்றேன்" என்று கத்திவிட்டு, "வெச்சிடாதடா. அந்தம்மாவுக்கு சூப் வெச்சுக் குடுக்கணும். போனை அடுப்பு பக்கத்துல வெக்கறேன், நீ பாட்டுக்கு இரு" என்றாள்.

கரண்டி பாத்திரத்தில் படும் சத்தம் கேட்டது. வெங்காயம் நறுக்குகிறாள் போலிருந்தது. அம்மா நறுக்கும்போது நடுவில் நின்று மணிக்கட்டால் கண்ணைத் துடைப்பாள். சத்தம் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தேன்.