முதுகில் தெரிந்த பட்டை

கிரலீக்கு, முதுகுப் பட்டை இல்லாமல் மார்பில் நேரே ஒட்டிக்கொள்ளும் ஒட்டு பிராவின் மேல் விரோதம் எதுவும் கிடையாது. போன வருஷம் ஆஸ்திரேலியாவின் ஜூலைக் குளிரில், கழுத்து ஆழமாக இறங்கிய கறுப்புச் சட்டைக்குள் அதை ஒட்டிக்கொண்டுதான் ஒரு விருந்துக்குப் போய்வந்தாள். உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்து வரும்வரை சமர்த்தாகவே இருந்தது. ஆனால் தோழி பெத்தனியின் கல்யாணம் டிசம்பரில், மக்காய் கடற்கரைப் புல்வெளியில், மதிய வெயிலில். அந்த மாதத்தில் அங்கே குளித்துத் துவட்டுவதற்குள் மறுபடி வேர்த்துவிடும்.

மணப்பெண் தோழிகள் இரண்டு பேர். ஒருத்தி பெத்தனியின் தங்கை டேனா, ஒல்லி. இன்னொருத்தி கிரலீ. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள், மார்பு பெரியது. இருவருக்கும் ஒரே மாதிரிப் பச்சை கவுன். முதுகு இடுப்புவரை திறந்தது. தேர்ந்தெடுத்தது பெத்தனி.

கவுன் வந்த அன்றே கிரலீ ஒட்டிப் பார்த்தாள். உடம்பில் ஈரமோ கிரீமோ இல்லாமல் துடைத்துவிட்டு ஒட்டிக்கொண்டு, கொல்லையில் துணி உலர்த்தப் போனாள். பாதிக் கொடி நிறைவதற்குள் ஒரு பக்கம் வழுக்கி வயிற்றுக்கு வந்துவிட்டது. மறுபக்கம் விடமாட்டேன் என்றது. பிய்த்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

பெத்தனியைப் போனில் கூப்பிட்டாள். "இது எனக்குத் தாங்காதுடீ. முதுகுல கொஞ்சம் துணி வச்சுத் தைச்சுக்கறேன். உள்ள எப்பவும் போடற பிராவையே போட்டுக்கறேன்."

"டேனாவுக்கு நல்லாத்தானே நிக்குது?"

"டேனாவுக்கு ஒண்ணுமே போடாட்டியும் நிக்கும். எனக்குத் தூக்கிப் பிடிக்க ஆள் வேணும்."

பெத்தனி சிரிக்கவில்லை. "துணி வச்சா ரெண்டு கவுனும் ஒரே மாதிரி இருக்காது. போட்டோ கெட்டுப்போயிடும். ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதா? இன்னும் நாள் இருக்கு, கொஞ்சம் இளைச்சுத்தான் பாரேன்."

பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே இருந்தவள் சொன்ன பேச்சு அது. கிரலீக்கு முகமெல்லாம் சுட்டது. ஆனாலும் கல்யாணப் பெண்ணிடம் என்ன சண்டை என்று விழுங்கிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று கூடாரத்துக்குள், ஒட்டு பிராவின் மேல் பிளாஸ்திரியையும் இழுத்து ஒட்டிக்கொண்டு நின்றாள். அதற்குள்ளேயே அரித்தது. திரைக்கு வெளியே மாப்பிள்ளைத் தோழர்களிடம் பெத்தனி பேசுவது கேட்டது.

"ஐயோ பாவம், எப்படி வேர்க்குது பாருங்க. கோட்டெல்லாம் வேணாம், கழட்டிடுங்க."

"போட்டோவுக்கு?" என்றான் ஒருவன்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

கிரலீ பிளாஸ்திரியைப் பிய்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு கப்புகளையும் பிய்த்துக் குப்பைத்தொட்டியில் போட்டாள். வரும்போது போட்டிருந்த பழுப்பு நிற பிராவைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். அகலப் பட்டையும் அதன் கொக்கிகளும் வெறும் முதுகின் குறுக்கே பளிச்சென்று தெரிந்தன.

உள்ளே வந்த பெத்தனி அப்படியே நின்றுவிட்டாள். "என்னடீ இது?"

"பிரா."

"கழட்டு. இன்னிக்கு என் கல்யாணம்."

"அவனுங்களுக்கு வேர்த்தா பாவம், எனக்கு வேர்த்தா இளைக்கணுமா? உன் கல்யாணம்தான், யாரு இல்லேன்னா? தோல் என்னோடது."

பெத்தனி திரைப் பக்கம் திரும்பினாள். "அப்ப ஓரமா நில்லு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஓரமாகவே நின்றாள் கிரலீ, நிமிர்ந்து. டேனாவின் ஒட்டு பிரா கடைசிவரை அசையவில்லை. அவளுக்கு அது பொருந்தியது, அவ்வளவுதான். சாயங்காலம் கிரலீ இறால் சாப்பிட்டாள், கால் வலிக்கும்வரை ஆடினாள். பெத்தனி மட்டும் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

பிப்ரவரியில், பஸ்ஸை எடுக்கும் நேரத்தில் போனுக்கு ஒரு படம் வந்தது. பின்னாலிருந்து எடுத்தது. கிரலீயின் முதுகு வழவழவென்று வெறுமையாக இருந்தது. கீழே பெத்தனி எழுதியிருந்தாள்: "போட்டோக்காரர் பட்டைய அழிச்சுட்டார். இப்ப சூப்பரா இருக்கு, இல்ல?"

கிரலீ அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஆறியிருந்த கோபம் மறுபடி தலைக்கு ஏறியது.

"இவ்வளவு சுலபமா அழிக்கலாம்னா என்னை எதுக்குடீ தோலுரிச்ச?" என்று எழுதி அனுப்பினாள்.

போனைப் பைக்குள் போட்டாள். அவள் பஸ்ஸைக் கிளப்பினாள்.