தோளுக்கு ஒரு நல்ல நாள்

சட்டையின் வலக்கையை முதலில் நுழைத்து, முதுகைச் சுற்றி இழுத்து, இடக்கையைக் கடைசியில் விடவேண்டும். ஆறு மாதமாக நாகலட்சுமி தன் கணவர் பார்த்தசாரதிக்கு இப்படித்தான் சட்டை மாட்டிவிடுகிறாள். பாலிகஞ்சில் எலும்பு மருத்துவர் தத்தாவின் அறையில், பரிசோதனை முடிந்தபின்பும் அதையே செய்தாள். பித்தானைப் போடுகையில் விரல்கள் வேண்டியதற்குமேல் அழுந்தின.

"மெதுவாடீ," என்றார் அவர்.

"மெதுவாப் பண்ணித்தானே இங்க வந்து நிக்கறோம்."

ஜூலை மழையில், லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ வாங்கிக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் ஏறப்போய் விழுந்தவர் அவர். எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை. ஆகவே ஒன்றுமில்லை என்று தாமே தீர்மானித்துவிட்டார். ஆகஸ்டிலும் கை தோளுக்குமேல் எழாதபோது ஸ்கேன் எடுத்தார்கள். தசைநார் எலும்பை விட்டுப் பிய்ந்திருக்கிறது, சில வாரங்களுக்குள் தைத்துவிட்டால் நன்றாகக் கூடும், நாள் போகப்போக நார் சுருங்கி உள்ளே போய்விடும் என்று டாக்டர் தத்தா தாளில் படம் வரைந்தே காட்டினார்.

அன்றே நாள் குறித்திருக்கலாம். ஆனால் மஹாளய பட்சம் வந்தது. தைத்த கையை ஆறு வாரம் கட்டித் தொங்கவிட்டால் தர்ப்பணம் எப்படிச் செய்வது? அது முடிந்ததும் வங்காளிகளின் துர்க்கா பூஜை. ஊரே பந்தலுக்குள் புகுந்துகொண்ட சமயத்தில் யார் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்? எல்லாம் பூஜைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று மாடிவீட்டுச் சாட்டர்ஜி பாபுவும் ஒத்து ஊதினார். பூஜை போயிற்று, கார்த்திகையில் பார்த்தசாரதியின் அப்பாவின் திதி வந்து நின்றது. கிடர்பூர்த் துறைமுகக் கிடங்கில், இறக்கிய சரக்கு ஒருநாள் கூடுதலாகத் தங்கினாலும் வியாபாரியை நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற அதிகாரி அவர். தம் தோளுக்கு மட்டும் கேட்டபோதெல்லாம் தவணை கொடுத்தார்.

அந்தத் திதியன்றுதான் நாகலட்சுமிக்கு மனம் விட்டுப்போயிற்று. எந்தக் கையைத் தர்ப்பணத்துக்காகக் கட்டாமல் வைத்திருந்தாரோ, அந்தக் கைக்குப் பிண்டத்தை எடுக்கப் பலமில்லை. வலது மணிக்கட்டை இடக்கையால் தாங்கிக்கொண்டே எள்ளும் நீரும் விட்டார். சாஸ்திரிகள் பாராததுபோல் மந்திரத்தைத் தொடர்ந்தார். அடுப்பருகே நின்றவளுக்கு அழுகை வரவில்லை. கரண்டியை வீசியெறியவேண்டும்போல் இருந்தது.

இன்று புதிய ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர் தத்தா பழையதையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, அவரை விட்டு அவளைப் பார்த்து, பாதி ஆங்கிலத்திலும் பாதி வங்காளத்திலுமாகச் சொன்னார். நார் வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. தசையில் கொழுப்புப் படர்ந்திருக்கிறது. தைக்கலாம், பிடிக்குமென்று உறுதி சொல்ல இயலாது. வலி குறையும், கை தலைக்குமேல் போகுமா என்பது சந்தேகமே. இன்னும் தள்ளினால் தைக்கவே முடியாமற் போகலாம். வருகிற செவ்வாய்க்கிழமை ஓர் இடம் இருக்கிறது.

வராந்தாவுக்கு வந்ததும் பார்த்தசாரதி சொன்னார்: "அப்பவே இவ்வளவு கண்டிப்பாச் சொல்லியிருக்கலாமோல்லியோ இந்த டாக்டர்?"

"படம் போட்டுச் சொன்னார். அந்தக் காயிதத்துக்குப் பின்னாடி நீங்கதான் மளிகை லிஸ்ட் எழுதினேள்."

அவர் வாசல் பக்கம் நடந்தார். "சரி விடு. இன்னும் பத்து நாள்ல தை அமாவாசை. அதை முடிச்சுண்டு..."

"செவ்வாக்கிழமைன்னு எழுதிக் குடுத்துட்டேன். கையெழுத்தும் போட்டாச்சு."

"எப்போ?"

"நீங்க தண்ணி குடிக்கப் போனப்போ."

"செவ்வாக்கிழமை யாராவது கத்தி வெச்சுப்பாளோ? யாரைக் கேட்டுண்டு எழுதினே?"

"யாரையும் கேக்கலை."

"நான் வரமாட்டேன்னா?"

அவள் முன்னால் நடந்தாள். வாசலுக்கு வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. தொலைவில் மஞ்சள் டாக்சி ஒன்று வந்தது. பழக்கத்தில் அவர் வலக்கையைத் தூக்கினார். அது சட்டைப் பையருகே வந்து நின்றுவிட்டது. டாக்சி கடந்து போயிற்று. அடுத்ததற்கும் அவர் அதே கையைத்தான் தூக்கினார். தோள் காதுவரை ஏறியது, கை ஏறவில்லை. நாகலட்சுமி ஸ்கேன் உறையை இரு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, மூன்றாவது டாக்சி வருவதைப் பார்த்தபடி நின்றாள்.