மஞ்சள் ராணிக்கு வந்த மாப்பிள்ளைகள்

சாஆ என்ற சிற்றூரில் யோகேஸ்வரியின் வீட்டுக்குப் பின்னால் சில தேன்பெட்டிகள் இருந்தன. எல்லாம் இத்தாலிய வகை மஞ்சள் தேனீக்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் பந்தாடுவதால், கொட்டாத சாதுவான இனமாகத் தேடி வாங்கியிருந்தாள். ஒரு பெட்டியில் புது ராணி பிறந்த நேரம் பார்த்து, மூவார் நகரிலிருந்து வந்த நவ்சாத், அருகிலிருந்த செம்பனை எண்ணெய்த் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் கறுப்புத் தேனீப் பெட்டிகளை இறக்கினான்.

யோகேஸ்வரி மோட்டார் சைக்கிளில் போய் நின்றாள்.

"தம்பி, என் ராணிக்கு இன்னும் கல்யாணம் ஆகல. உங்க கறுப்பனுங்கள வேற எடத்துக்கு மாத்துங்க லா. கலப்புல பொறக்கிறது கோவக்காரங்களா போயிட்டா?"

"அலமாக்! நேத்துதான்க்கா இறக்கினேன், முதுகே போச்சு. ராணி தன் இனத்தைத்தான தேடிப் போவா?"

"அப்படித்தான் சொல்றாங்க. எனக்கு நம்பிக்கையில்ல."

அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆண் தேனீக்கள் மதியம் கிளம்பி, உயரத்தில் கூட்டமாகச் சுற்றிவிட்டு, மாலைக்குள் பெட்டிக்குத் திரும்பிவிடும். ராணியின் பெட்டியையும் மஞ்சள் ஆண்கள் நிறைந்த இன்னொரு பெட்டியையும் பகலெல்லாம் குளிர்ந்த அறையில் அடைத்துவைத்து, கறுப்பர்கள் வீடு திரும்பியபின் திறந்துவிட்டால்? பெட்டிகளைத் தூக்கி வைக்க நவ்சாத்தே வந்து உதவினான்.

அன்று மதியம் முழுக்க மழை கொட்டியது. மாலையில் பளிச்சென்று வெயில் அடித்தது. அவள் இரண்டு பெட்டிகளையும் திறந்தாள். ராணி வானத்தில் ஏறினாள். அந்த நேரத்தில் கைப்பேசி அலறியது. தன் பெட்டிகளுக்குத் திரும்பியிருந்த நவ்சாத்.

"அக்கா! மழைல அடைஞ்சு கெடந்த என் கறுப்பனுங்க இப்பத்தான் மொத்தமா கிளம்புறானுங்க!"

யோகேஸ்வரி துடைப்பத்தைத் தூக்கி வானத்தை நோக்கி வீசி வீசி விரட்டினாள். வேலிக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் கைதட்டினார்கள். ராணி ஒன்றும் தெரியாதவள்போல் திரும்பி வந்து பெட்டிக்குள் நுழைந்தாள்.

சில வாரங்களில் புதுத் தேனீக்கள் வெளியே வந்தன. பாதி மஞ்சள், பாதி கறுப்பு. ராணி பறந்தபடியே பல ஆண்களோடு கூடியிருந்தாள். ஒரே தாய்க்குப் பிறந்த மகள்கள் தகப்பனுக்கு ஒரு நிறமாக இருந்தார்கள்.

"பாத்தீங்களா? அவ ரெண்டு பக்கமும் சம்பந்தம் பண்ணிட்டா," என்றான் நவ்சாத்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இவை கொட்டுமா, கொட்டாதா? வெறுங்கையோடு பெட்டியைத் திறந்து, தேனடைச் சட்டத்தை மெல்ல உயர்த்தினாள். தேனீக்கள் அவள் விரல்மேல் ஏறி நடந்து, வந்த வழியே திரும்பின. ஒன்றுகூடக் கொட்டவில்லை. சட்டம் கனத்தது, மற்ற எந்தப் பெட்டியிலும் அவ்வளவு தேன் இல்லை.

நவ்சாத் ஆர்வத்தில் மூக்கை நீட்டினான். "அம்மாடி!"

"உங்களயா கொட்டுச்சு? கறுப்பா, மஞ்சளா?"

"யாருக்குத் தெரியும்! பறந்துடுச்சு."

அப்போதுதான் யோகேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். வீங்கிய மூக்கைத் தடவிக்கொண்டே அவன் கேட்டான்: "அக்கா, இந்தக் கூட்டத்துலேருந்து எனக்கும் ஒரு ராணி தருவீங்களா?"

"ரெண்டா எடுத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு, ஐஸ்கட்டி எடுக்க உள்ளே ஓடினாள்.