கைநீள வட்டம்

மகளைச் சாரணியர் குழுவில் சேர்த்தபோது, வீட்டுக்குச் சேறும் பாட்டும் பிஸ்கட் பெட்டிகளும்தான் வரும் என்று லொரெட்டா நினைத்திருந்தாள். ஒன்பது வயது மெய்சி மடக்குக்கத்தியோடு வந்தாள்.

"இதத் திறக்கறதுக்கு முன்னாடி கைய நீட்டிச் சுத்திப் பாக்கணும்னு குழுவுல சொல்லிக் குடுத்தாங்கம்மா. அந்த வட்டத்துக்குள்ள ஆள் இருந்தா ரத்தம் வந்துரும்."

சனிக்கிழமை மதியம் புருஷன் டுவெய்ன் மூக்குமுட்டக் குடித்திருந்தான். துரைக்குச் சூப்பில் சூடு போதவில்லையாம்! லொரெட்டாவின் முடியைப் பிடித்து முகத்தை அடுப்பு விளிம்பில் மோதினான். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது.

அவன் மறுபடி கையை ஓங்குவதற்குள் மெய்சி நடுவில் புகுந்தாள். மடங்கிய கத்தியைப் பிடித்தபடி கையை நீட்டி, பழகிய மாதிரியே நிதானமாகச் சுற்றினாள். கை அப்பனின் வயிற்றில் இடித்து நின்றது.

"வட்டத்துக்குள்ள நிக்கறீங்கப்பா."

"நின்னா என்னடி பண்ணுவ, சுண்டெலி?"

கேட்டுக்கொண்டே அறைந்தான். சுருண்டு விழுந்தவள் எழுந்து நின்றாள். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. கத்தியின் மடிப்பில் நகத்தை வைத்தாள்.

"அம்மா, நீ மட்டும் வட்டத்த விட்டு வெளிய போ."

லொரெட்டா தள்ளி நின்றாள்.