வெயில் விழும் பாறை

என் மாமியார் லோகாம்பாளை ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைப்பதும் வரதராஜர் கோயில் தேரை ஒற்றை ஆளாக இழுப்பதும் ஒன்றுதான். இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தர்மன் நார்வே தேசத்தில் ஒரு சின்னக் கிராமத்து அலுமினியத் தொழிற்சாலையில் இன்ஜினீயர். மலைகளுக்கு நடுவே கடல் நீளமாகப் புகுந்து வந்து நிற்கிற ஊர் அது. நான் போவதற்கான காகிதங்கள் எல்லாம் தயார். அத்தையின் ஒரு வார்த்தைதான் பாக்கி.

காரணம் சூரியன். நாங்கள் திருப்பருத்திக்குன்றத்துச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சாப்பிட மாட்டோம். எங்களை நைனார் என்பார்கள்; கோழி அடைவதற்குள் நைனார் வீட்டில் இலை எடுத்தாகிவிடும் என்று காஞ்சிபுரத்தில் கேலி பேசுவார்கள். அதிலும் அத்தை தனி ரகம். ஊரே பட்டு நெய்ய, புழுவைக் கொன்ற நூல் என்று நூல்புடவை தவிர வேறொன்றைத் தொட மாட்டார். மகன் விமானம் ஏறப் புறப்பட்ட அன்று கோயிலில் வைத்து அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். “சூரியன் கண்ணுல படாம ஒரு வாய் சோறு உள்ள போகக் கூடாதுப்பா” என்றார். அவரும் சரி என்றார்.

போன மனுஷன் முதல் கடிதத்திலேயே, ‘ஐப்பசியிலிருந்து மாசி வரை இங்கே சூரியன் மலைக்குப் பின்னாலேயே போய்விடும், ஊருக்குள் வெயிலே விழாது’ என்று எழுதித் தொலைத்தார். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா! அன்றோடு அத்தை முடிவு கட்டிவிட்டார்.

“சூரியனே இல்லாத ஊர்ல அவன் எப்போ சாப்பிடுவான்? எல்லாரையும் போல நெனச்ச நேரத்துல தின்னுக்கினு இருப்பான். சத்தியத்தைக் காத்துல விட்டுட்டான். அவன் கெட்டது போதும், நீயும் போய்க் கெடணுமா?” என்பார். நானும் வாயாடித்தான். ஆனால் எதை வைத்து வாதாடுவது? என் வீட்டுக்காரரிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டெழுதினால், ‘எல்லாம் சௌகரியமாக இருக்கிறது’ என்று ஒரே வரிதான் வரும்.

எழுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், அந்தக் கிராமத்திலிருந்தே ஒரு அம்மாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஓய்வுபெற்ற பள்ளிக்கூடத்து டீச்சர். எங்கள் ஊர்த் திரைலோக்கியநாதர் கோயில் விதானத்து ஓவியங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே தன் வீட்டாரையும் பார்த்துவிட்டு வரும்படி என் வீட்டுக்காரர்தான் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்த அம்மாளின் பெயர் ராக்ன்ஹில்ட். எங்கள் தெருவுக்குள் நுழைந்த ஐந்து நிமிஷத்தில் அது ராகினி ஆகிவிட்டது.

மத்தியானம் தூறல் விழுந்துகொண்டிருந்தது. கூடத்தில் பாய் விரித்து ராகினியம்மாளை உட்கார வைத்தேன். அத்தை சற்றுத் தள்ளி உட்கார்ந்து, முறத்தில் துவரம்பருப்பைப் பரப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சமயம் என்று தோன்றியது. அந்த ஊர் எவ்வளவு அழகென்று அந்த ஊர்க்காரி வாயாலேயே கேட்டால் கல்லும் கரையாதா?

“உங்கள் ஊருக்கு வந்தால் என்னென்ன செய்யலாம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அதையே அத்தைக்காகத் தமிழிலும் உரக்கச் சொன்னேன்.

ராகினியம்மாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “படகில்தான் வர வேண்டும். பாதி வழியில் படகோட்டி இன்ஜினை நிறுத்துவான். அப்போது யாரும் பேசக் கூடாது. தண்ணீரில் மலைகள் தலைகீழாக நிற்கும். பிறகு பிடித்தவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். எதிர்மலை மூன்று தடவை திருப்பிச் சொல்லும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் பெயரை நான் எழுதுவேனே தவிர வாயால் சொன்னதில்லை. “என்னங்க” என்றுதான் கூப்பிடுவேன். மலையும் மூன்று தடவை “என்னங்க” என்று அவரைக் கூப்பிடும். கரையில் நிற்கிறவர் எந்த மலைக்குப் பதில் சொல்வதென்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்.

“என்ன சொல்லுது அந்தம்மா?” என்றார் அத்தை. சொன்னேன். “ம்” என்றார்.

“கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கலாம்” என்று ராகினியம்மாள் தூண்டில் போடுவதுபோல் கையை வீசிக் காட்டினார்.

“மீன் நீந்துறதப் பாத்துக்கினே இருக்கலாமாம் அத்தை.”

“கல்லடுப்பில் உருளைக்கிழங்கு ரொட்டி சுடுவோம். வெண்ணெய் தடவிச் சுடச்சுடச் சாப்பிடலாம்.”

மண்ணுக்கு அடியில் விளையும் கிழங்கை அத்தை வீட்டுக்குள்ளேயே விட மாட்டார். “கோதுமை ரொட்டி சுடுவாங்களாம்” என்றேன். எனக்கென்ன, வாய்க்கு வந்த தானியம்.

ராகினியம்மாள் சொல்லிக்கொண்டே போனார். மரத்தாலேயே கட்டிய பழைய கோயில் ஒன்று உண்டு, உள்ளே போனால் தார்போலக் கீல் வாசனை அடிக்கும். மலை உச்சியிலிருந்து விழும் அருவி பாதியிலேயே புகையாகிக் காணாமல் போகும். காட்டில் நீலப் பழம் பறிக்கலாம், நாக்கு இரண்டு நாளைக்கு நீலமாக இருக்கும். கோடையில் இருட்டவே இருட்டாது, நடுராத்திரியிலும் வாசலில் உட்கார்ந்து புத்தகம் படிக்கலாம்.

தூறல் சத்தத்தில் அந்தக் குரல் எங்கிருந்தோ வருவதுபோல் இருந்தது. நான் கூடத்தில் இல்லை. வேகவதி ஆற்று மணலெல்லாம் கறுப்புத் தண்ணீராகி எங்கள் வாசற்படி வரைக்கும் வந்து அசையாமல் நின்றது. கோயில் கோபுரத்துக்குப் பின்னால் மலைகள் எழும்பி நின்றன. நானும் அவரும் படகில் உட்கார்ந்திருந்தோம். என் நாக்கு நீலமாக இருந்தது, அவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து இருந்தது ஏழே மாதம். அதில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

“ஆனால் குளிர்காலத்தில் வந்தால்தான் ஒரு விசேஷம்” என்றார் ராகினியம்மாள். “ஊருக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது. ஒரு மணி நேரம் பனியில் ஏற வேண்டும். மத்தியானம் அந்தப் பாறையில் மட்டும் கொஞ்ச நேரம் வெயில் விழும். அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நாங்கள் பிறந்து வளர்ந்த ஊர், எங்களுக்கே தோன்றாத யோசனை! உங்கள் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்து வைத்தார்.”

நான் தமிழில் சொல்லத் தொடங்கி, பாறை வரைக்கும் வந்துவிட்டேன்.

“அவர் தினமும் சாப்பாட்டு டப்பாவோடு ஏறிவிடுவார். அதற்காகவே அதிகாலை வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். சூரியன் மலைவிளிம்பில் தெரிகிறவரை டப்பாவைத் திறக்க மாட்டார். தெரிந்ததும் அவசர அவசரமாகச் சாப்பிடுவார். இப்போது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இனிப்பு பன்னோடு கூடவே ஏறுகிறார்கள். சூரியன்மேல் இவ்வளவு பிரியமான மனிதரை நாங்கள் பார்த்ததில்லை.”

“மேகம் மூடியிருந்தால்?” என்று கேட்டேன்.

“பாவம், டப்பாவைத் திறக்காமலே இறங்கி வந்துவிடுவார். கீழே யார் எதைக் கொடுத்தாலும் ‘வயிறு நிறைந்திருக்கிறது’ என்பார். இந்த வருஷமும் சூரியன் போய்விட்டது. நான் புறப்படும்போதே ஏறத் தொடங்கிவிட்டார்.”

“பாறையா? என்ன பாறை? ஏன் நிறுத்திட்டே, சொல்லேம்மா” என்றார் அத்தை.

இதை எதாக மாற்றிச் சொல்வது? சோறு தின்னாத மனுஷனை எந்தக் கோதுமையில் மறைப்பது? கேட்டது கேட்டபடி சொல்லிவிட்டேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். பிறகு வந்த குரல் அத்தை குரலாகவே இல்லை.

“நான் ராத்திரியைத்தானேடி சொன்னேன்! மலை மறைச்சா பகல் இல்லன்னு ஆயிடுமா? மழைக்காலத்துல மேகம் மூடிக்கினா நாம என்ன பட்டினியா கெடக்குறோம்? வெளிச்சம் இருந்தா பகல்தானே! படிச்சவனாச்சே, இது தெரியாதா அவனுக்கு?”

தெரியாமல் என்ன? நன்றாகவே தெரியும். ஆனால் அம்மா வாயிலிருந்து வந்த வார்த்தை ‘சூரியன் கண்ணில் படாமல்’ என்பது. அதைத் தன் வசதிக்கு வளைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. பைத்தியக்கார மனுஷன். இரண்டு குளிர்காலம் அரைப்பட்டினி கிடந்துவிட்டு, சௌகரியம் என்று எழுதியிருக்கிறார். இங்கே அவரைப் பெற்றவள் அவரைக் கெட்டுப்போனவன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும்தான் பாதி நம்பினேன்.

“இப்பவே கடுதாசி போட்டுடறேன் அத்தை” என்று எழுந்தேன்.

“நீ எழுதினா நம்ப மாட்டான்” என்றார் அத்தை. “எனக்கு எழுதத் தெரியாதுன்னு அவனுக்குத் தெரியும். நீ எதையும் மாத்திச் சொல்றவள்னும் தெரியும். நீந்துற மீனைப் பாக்க எந்த ஊர்ல தூண்டில் போடறாங்க?”

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“தந்தி குடுத்தாலும் நீதான் குடுத்தேன்னு நெனச்சுக்குவான். நீ நேர்ல போ. அம்மா சொன்னாங்க, வெளிச்சம் இருந்தா போதும், சாப்பிடச் சொன்னாங்கன்னு சொல்லு. உன் மூஞ்சியப் பாத்தா நெசமா பொய்யான்னு கண்டுக்குவான்.”

இரண்டு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. ஆனால் அவர் பட்டினி கிடந்தல்லவா எனக்கு இந்த வழி பிறந்தது என்று நினைத்ததும் அழுகை பொங்கிவிட்டது. சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராகினியம்மாள் பதறிப்போய், தான் ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பொழுது இறங்குவதற்குள் மூன்று இலை போட்டேன். அத்தை வந்து உட்காரவில்லை.

“எனக்கு வேணாம். அவன் வயிறாரச் சாப்பிட்டான்னு உன்கிட்டேயிருந்து சேதி வர்ற வரைக்கும் எனக்கும் ஒரு வேளைதான்.”

“ஐயோ, தாயும் பிள்ளையும் சேர்ந்து என்னைக் கொன்னே போடுவீங்க போலிருக்குதே!” என்று கத்தினேன். கத்தி என்ன பயன்? அவரைப் பெற்றவர் ஆயிற்றே. பரணில் ஏறிப் பெட்டியை இறக்கினேன். ராகினியம்மாள் கீழே நின்று அதைத் தாங்கி வாங்கினார்.

பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அத்தை பக்கத்தில் வந்து நின்றார். “கமலா” என்றார்.

“என்ன அத்தை?”

“போய்ப் பாரு. ரொம்ப எளைச்சுப் போயிருந்தான்னா...” என்று நிறுத்தி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். “எனக்கு எழுதும்போது மட்டும் கொஞ்சம் மாத்தி எழுதும்மா.”